அட்டையில் இருப்பவள்

காரத்தைத் தண்ணீரில்தான் கொட்ட வேண்டும். தண்ணீரைக் காரத்தில் கொட்டினால் பொங்கி முகத்தில் அடிக்கும். அதனால் அவள் காஸ்டிக் சோடாவைக் கொட்டும்போது பட்டறையில் யாரும் பேசமாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, தானாக வந்த வழக்கம். எண்ணெய் அளப்பவள் அளப்பதை நிறுத்துவாள். சோப்பை அறுக்கிற குண்டூசி, அறுக்கும் கம்பியைப் பாதியில் பிடித்தபடி நிற்பாள். ஆளும் ஒல்லி, பேச்சும் குத்தும் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வேலை நேரத்தில் அவள் வாய் மூடியிருப்பது அந்தச் சில நிமிடங்கள்தான்.

அப்படியொரு நேரத்தில் சிஸ்டர் வந்தார். கதவருகே நின்றுகொண்டார். பத்து வருடங்களுக்கு முன் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த வண்டிக் கொட்டகையைக் காலி செய்து இந்தப் பட்டறையை ஆரம்பித்தவர் அவர்தான். உள்ளே வந்தால் ஏதாவது ஒரு சோப்பை எடுத்து முகர்ந்து பார்க்காமல் இருக்கமாட்டார். இன்று எதையும் தொடவில்லை. கடைசிச் செதில் கரைந்து ஆவி அடங்கும்வரை காத்திருந்தார். அவள் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"புதன்கிழமை கடைக்கார அம்மா வர்றாங்க."

"எந்தக் கடை?"

"நம்ம சோப்ப விக்கிறவங்க. கடல் தாண்டி, அந்தச் சர்ச்சுல. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் வாசல்ல மேசை போட்டு விப்பாங்கன்னு சொல்லியிருக்கேனே. சொந்தச் செலவுல வர்றாங்களாம். அட்டையில இருக்கிறவளப் பாக்கணுமாம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குண்டூசி கம்பியை ஒரே இழுப்பில் இழுத்து முடித்தாள்.

"அப்ப தலையக் கலைச்சு விட்டுட்டு நில்லுடி. வாரின தலையோட நின்னா, ஆள் மாறிப்போச்சுன்னு அவங்க திரும்பிப் போயிடப் போறாங்க."

அட்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சோப்பைப் பழுப்புத் தாளில் சுற்றிச் சணலால் கட்டி, முடிச்சில் அதைத் தொங்கவிடுவார்கள். விரல் நீளம் இருக்கும். ஒரு பக்கம் அவள் படம், இடுப்பில் கைக்குழந்தை. மறுபக்கம் அந்நிய மொழியில் நாலு வரி. கணவன் குடிகாரன்; இவளையும் குழந்தையையும் பட்டினியில் விட்டுவிட்டு ஓடிப்போனான்; இவள் கையால் செய்த சோப்பு இது; நீங்கள் வாங்கும் ஒவ்வொரு சோப்பும் இந்தக் குழந்தைக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அதில் பொய் கிடையாது. அவள் வாயால் சொன்னதுதான். படமெடுத்த அன்று அவள் தலைவாரி, இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். படம் எடுக்க வந்தவர் அவளைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, முடியைக் கொஞ்சம் கலைத்துக்கொள்ளச் சொன்னார். சிரிக்க வேண்டாம் என்றார். சொல்லியிருக்கத் தேவையில்லை. அந்த வருடம் அவள் சிரித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

அந்தக் கைக்குழந்தை இப்போது அவள் தோள் உயரம். ஓடிப்போனவன் திரும்பி வந்து நாலு வருடம் ஆகிறது. பட்டறையின் வேனை ஓட்டுவது அவன்தான். சரக்கு இல்லாத நாளில் கட்டும் மேசையில் உட்கார்ந்து சோப்புகளுக்கு அட்டை கட்டுவதும் அவன்தான்.

சிஸ்டர் அவளை வெளியே கூப்பிட்டார். குழாயடியில் நின்றார்கள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்காத. புதன்கிழமை ஒரு நாள் மட்டும் டிரைவர் இங்க இல்லாம இருந்தா நல்லது."

அவள் கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாக.

"பொய் சொல்லச் சொல்லல. கண்ணு முன்னால நிக்க வேணாம்னுதான் சொல்றேன். அந்த அம்மா திரும்பிப் போய்ச் சொல்றதுலதான் அடுத்த வருஷ ஆர்டரே இருக்கு. மலைப்பக்கம் நம்மள மாதிரி மெழுகுவத்தி செஞ்சாங்களே, அவங்களுக்கு ஆர்டர் நின்னுபோச்சு. ஏன் தெரியுமா? அங்க பொம்பளைங்க கொஞ்சம் நல்லா இருக்காங்கன்னு வந்து பாத்தவங்க எழுதிட்டாங்க. நல்லா இருக்கிறவங்ககிட்ட எதுக்கு வாங்கணும்னு இன்னொரு ஊரப் பாத்துப் போயிட்டாங்க. இங்க இத்தன பேர் இருக்கீங்க."

சிஸ்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நாலு வருடங்களுக்கு முன் அவன் திரும்பி வந்தபோது அவள் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. தேவாலய வாசலில் வந்து நின்றான். சிஸ்டர்தான் அவனுக்கு வேன் சாவியைக் கொடுத்தார். ஒரு மழைக்காலம் முழுக்க அவன் அந்த வேனுக்குள் படுத்தான். பகலில் ஓட்டினான். வாங்கிய சம்பளத்தைச் சிஸ்டர் கையில் கொடுத்து, அவளிடம் கொடுக்கச் சொன்னான். மழை விட்ட பிறகுதான் அவள் அவனை வீட்டுக்குள் விட்டாள். புது சோப்பைப் பலகையில் வாரக்கணக்கில் ஆறப்போடுவார்கள், இல்லாவிட்டால் கையைக் கடிக்கும். "புருஷனையும் அப்படித்தாண்டி பலகையில போட்டு வச்சா இவ," என்று குண்டூசி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

"அவர்கிட்ட நீங்களே சொல்றீங்களா?" என்றாள்.

சிஸ்டர் குழாயைத் திறந்து கையைக் கழுவினார். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

*

மாலையில் அவன் வீட்டுக்குள் வந்ததும் முதலில் அவளிடம்தான் போவான். குனிந்து, அவள் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஒருமுறை ஊதுவான். வீட்டுக்குள் விட்ட முதல் நாள் அவள் கேட்டாள், ஊதினான். அடுத்த நாள் கேட்கும்முன்பே ஊதினான். பிறகு அவள் கேட்டதே இல்லை, அவன் நிறுத்தியதும் இல்லை. மகள் சின்னவளாக இருந்தபோது எல்லா வீட்டு அப்பாக்களும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரரிடம், "நீங்க ஊதலையா மாமா?" என்று கேட்டுவிட்டாள்.

அன்று ஊதிவிட்டு, மகளின் அறுந்த செருப்பை எடுத்துக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தான். அவள் சொன்னாள். சிஸ்டர் சொன்னபடியே, ஒரு வார்த்தையையும் மெதுவாக்காமல் சொன்னாள். அவன் ஊசியில் நூல் கோத்தான்.

"சரி. துறைமுகத்துக்கு ஒரு லோடு கிடக்கு. அன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறேன்."

"துறைமுகத்துக்கா?"

"வேற லோடு இல்லையே."

அவன் ஓடிப்போய் இருந்த இடம் துறைமுகம். மூட்டை தூக்கி, கூலியை அங்கேயே குடித்து, அங்கேயே கிடந்தான். திரும்பி வந்த பிறகு அந்தப் பக்கத்துச் சரக்கை வேறு ஆள் வைத்து அனுப்புவார்கள். அந்த ஆள் வேலையை விட்டுப் போய் ஒரு மாதமாகிறது. லோடு அதனால்தான் கிடந்தது.

"வேண்டாம்னு சிஸ்டர்கிட்ட சொல்லிடவா?" என்றாள்.

"எதுக்கு? அட்டையில நான் போனவன்தானே." செருப்பு வாரில் ஊசியை ஏற்றினான். "தினம் நூறு அட்டை கட்டுறேன். தினம் நூறு தடவை உன்ன விட்டு ஓடிப்போறேன். சாயந்திரமானா உன் பின்னாலயே வீட்டுக்கு வந்துடறேன். இன்னொரு தடவை போனா என்ன ஆயிடும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கு முதலில் தெரியாது. பள்ளியில் அந்த மொழியைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்த மகள் ஒரு நாள், கிடைத்ததையெல்லாம் படிக்கிற ஆசையில், அதையும் உரக்கப் படித்து அர்த்தம் சொன்னாள். பாதியில் அவளுக்கே புரிந்து நிறுத்திவிட்டாள். அவன், "முழுசும் படிம்மா. எழுத்துப்பிழை இல்லாம போட்டிருக்காங்களா பாரு," என்றான். மறுநாளும் மேசையில் உட்கார்ந்து அட்டை கட்டினான்.

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முன்பு அவன் ஓடிப்போனபோதும் பெரிய சண்டை எதுவும் இல்லை. வேலை கொடுத்தவர் நாலு பேர் முன்னால் ஏதோ சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்தான். இரண்டு நாளில் ஆள் இல்லை.

*

புதன்கிழமை விடியும்முன்பே வேன் போய்விட்டது. அவள் பட்டறைக்கு வந்தபோது கட்டும் மேசைக்கு மேலே ஆணியில் அவனுடைய காக்கிச் சட்டை தொங்கியது. வண்டி ஓட்டும்போது அதைப் போடாமல் அவன் போனதில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சிஸ்டர் வந்து பார்த்தார். சட்டையை எடுத்து, நன்றாக மடித்து, ஆறும் சோப்புகள் இருந்த பலகைக்குப் பின்னால் வைத்தார். அவர் மடித்த விதத்தில் மரியாதை இருந்தது. அதனாலேயே அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கடைக்கார அம்மா வாடகைக் காரில் வந்து இறங்கினார். உயரமானவர், வயதானவர். தொப்பி. கையில் மடக்குகிற ஊன்றுகோல். ஒரு முழங்கால் மடங்க மறுத்தது. வரிசையாக நின்ற பெண்களில் அவளைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு நேரமாயிற்று. அவளைப் பார்த்தார், கையிலிருந்ததைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு வந்து கட்டிக்கொண்டார். ஊன்றுகோல் அவள் முதுகில் இடித்தது.

"பாத்தியா, ஆள் மாறிப்போச்சுன்னு தெகச்சுட்டாங்க," என்றாள் குண்டூசி, உதடு அசையாமல்.

அவர் கையிலிருந்தது அட்டை. முதல் வருடத்து அட்டை. பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார், இருந்தும் ஓரத்தில் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது.

"சமையல் ரூம்ல, குழாய்க்கு மேல ஒட்டி வச்சிருக்காங்களாம்," என்று சிஸ்டர் மொழிபெயர்த்தார். "எப்பவும் உன் முகத்தப் பாத்துக்கிட்டேதான் வேலை செய்வாங்களாம்."

பட்டறையைச் சுற்றிக் காட்டினார்கள். எண்ணெய்ப் பீப்பாய், அச்சுகள், அறுக்கும் கம்பி, ஆறும் பலகைகள். அவர் ஒவ்வொன்றின் முன்னும் நின்று தலையாட்டினார். எதையும் தொடவில்லை. நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் கட்டிலருகே நிற்பது மாதிரி நின்றார். கட்டும் மேசைக்கு வந்ததும் ஒரு சோப்பை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"அவங்க வீட்ல ஒரு அலமாரி முழுக்க நம்ம சோப்புதானாம். ஒவ்வொரு வாரமும் விக்காம மிஞ்சினத அவங்களே வாங்கிடுவாங்களாம்."

"நல்லதுன்னு சொல்லுங்க," என்றாள். "நல்லா நுரைக்குதான்னு கேளுங்க."

சிஸ்டர் கேட்டார். கடைக்கார அம்மா சிரித்து, தலையை ஆட்டி, நெஞ்சில் கைவைத்துப் பதில் சொன்னார். சிஸ்டர் கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்ணக்கூடப் பிரிச்சதில்லையாம். உன் முகம் இருக்கிறப்ப எப்படிப் பிரிக்கிறதுன்னு மனசு வரலையாம்."

"அப்ப எதப் போட்டுக் குளிக்கிறாங்களாம்?" என்றாள் குண்டூசி. அதை சிஸ்டர் மொழிபெயர்க்கவில்லை.

அவளுக்கு எங்கோ சுருக்கென்றது. கடைக்கார அம்மா அன்பாகத்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் ஒரு அலமாரி. கிளறிக் கிளறித் தோள் இறங்கிப்போன நாட்கள். ஒரு துளி காரம் கூடாமல் குறையாமல் அளந்தது. கடிக்காமல் இருக்க வேண்டும், வெடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பலகையாகத் திருப்பிப் போட்டது. எல்லாம் இருட்டில் பிரிக்காமல் இருக்கிறது. இத்தனை வருடமாகத் தான் விற்றது சோப்பு என்று அவள் நினைத்திருந்தாள். சோப்புக்கு ஒரு விலை, அழுகைக்கு ஒரு விலை என்று இருந்தால், அவர்கள் கொடுத்தது எதற்கு? அட்டையில் சோப்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? நுரைக்கும் என்றோ, கையைக் கடிக்காது என்றோ?

அவள் அவர் கன்னத்திலிருந்த சோப்பை வாங்கினாள். சணலை இழுத்தாள். அவன் போட்ட முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழும். தாளைப் பிரித்தாள். அட்டை தரையில் விழுந்தது. சிஸ்டர், "ஏம்மா..." என்றார்.

அவள் கடைக்கார அம்மாவின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனாள். ஊன்றுகோலை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். இரண்டு கைகளையும் தண்ணீரில் நனைத்து, சோப்பை உருட்டி, குழந்தைக்குக் கழுவுவது மாதிரி விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். பெரிய கைகள், நரம்பு எழும்பியவை, இவள் கைகளைப் போலவே வேலை செய்தவை. நுரை மணிக்கட்டுவரை ஏறியது. கடைக்கார அம்மா முதலில் கூச்சத்தோடு நின்றார். பிறகு நுரையைப் பார்த்தார். கையை மூக்கருகே கொண்டுபோனார். திடீரென்று சத்தமாகச் சிரித்து என்னவோ சொன்னார்.

"நல்ல சோப்புங்கிறாங்க," என்றார் சிஸ்டர். அவர் குரலில் லேசான ஆச்சரியம் இருந்தது.

"இதச் சொல்ல இவ்வளவு தூரமா வந்தாங்க," என்றாள் குண்டூசி. எல்லோரும் சிரித்தார்கள். கடைக்கார அம்மாவும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தார்.

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கைகளைக் குழாயடியில் வைத்தபடியே அவர் மறுபடி பேசினார். இந்த முறை நீளமாக, மெதுவாக, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. முடித்துவிட்டு சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் வாய் திறக்கவில்லை.

"என்ன சொல்றாங்க சிஸ்டர்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நேரம் பேசினாங்க?"

சிஸ்டர் பெருமூச்சு விட்டார். "அவருக்காக ஜெபம் பண்றாங்களாம்."

"யாருக்காக?"

"ஓடிப்போனவருக்காக. அட்டை குழாய்க்கு மேல இருக்கில்ல, பாத்திரம் கழுவுறப்பல்லாம். மேசையில விக்கிற மத்தவங்க உனக்காகவும் குழந்தைக்காகவும் ஜெபம் பண்ணுவாங்களாம். அவருக்காக யாரும் பண்ணலையேன்னு இவங்க எடுத்துக்கிட்டாங்களாம். அவர் பேர் தெரியாதே, அதனால 'அந்த மனுஷன்'னு சொல்லியே பண்றாங்களாம். அந்த மனுஷன் எங்க இருந்தாலும் குடிய விடணும், வீடு திரும்பணும்னு."

யாரும் பேசவில்லை. காரம் கொட்டும்போது இருப்பது மாதிரி இருந்தது. அவள் குழாயை மூடினாள்.

"வந்துட்டாருன்னு சொல்லுங்க சிஸ்டர். குடிய விட்டுட்டாரு, வந்து நாலு வருஷமாச்சுன்னு சொல்லுங்க. இப்ப பிரிச்ச சோப்பு அவர் கட்டினதுதான்னு சொல்லுங்க."

சிஸ்டர் கடைக்கார அம்மாவிடம் திரும்பி ஏதோ சொன்னார். இரண்டு மூன்று வார்த்தை. கடைக்கார அம்மா சோகமாகத் தலையாட்டி, ஈரக் கையால் அவள் தோளைத் தடவினார்.

இந்தச் செய்தியைக் கேட்ட முகம் அது இல்லை.

"நான் சொன்னது அவ்வளவு குட்டையா இல்லையே சிஸ்டர்."

"பொறும்மா. அப்புறமா எழுதிச் சொல்லிக்கலாம்."

"எதுக்கு அப்புறம்?"

சிஸ்டர் பலகைகளைப் பார்த்தார். சுவருக்குச் சுவர் அடுக்கிய சோப்புகள், அவற்றுக்கு முன்னால் நின்ற பெண்கள். அவள் அவரைக் குற்றம் சொல்ல நினைக்கவில்லை. அவர் பயம் என்னவென்று அவளுக்குத் தெரியும். அடுத்த வருடம் இந்தப் பலகைகள் காலியாக இருந்தால் அவளும்தான் வீட்டில் இருப்பாள்.

அதற்குள் குண்டூசி பலகைக்குப் பின்னால் போயிருந்தாள். காக்கிச் சட்டையோடு வந்தாள். அதைப் போட்டுக்கொண்டாள். கைகள் இரண்டும் உள்ளேயே காணாமல் போயின. கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்து வளைத்து, வாயால் ஹாரன் அடித்தாள். எழுந்து குடிகாரனாகத் தள்ளாடினாள். தரையில் கிடந்த அட்டையை எடுத்து அதிலிருந்த நாலு வரியைத் தட்டிக் காட்டி மறுபடியும் தள்ளாடினாள். பிறகு நேராக நின்று, புட்டியைத் தூரப் போடுவது மாதிரி கையை வீசி, கைதட்டித் தூசி உதறினாள். மறுபடியும் ஸ்டியரிங். மேசைக்குப் போய் ஒரு சோப்பை எடுத்து முடிச்சுப் போட்டுக் காட்டினாள். கடைசியில் வந்து அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போடி அந்தப் பக்கம்," என்றாள் அவள்.

கடைக்கார அம்மா குண்டூசியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

சிஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். பேசத் தொடங்கினார். இந்த முறை அது நீளமாக இருந்தது. வேனைக் காட்டுவதுபோல வெளியே காட்டினார், மழை பெய்வதுபோல விரலை அசைத்தார், பலகைக்குப் பின்னால் கை நீட்டினார். ஓரிடத்தில் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். அங்கே குரல் இறங்கியது. என்ன சொன்னார் என்று அவர்கள் யாருக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டே கடைக்கார அம்மா அந்தக் கவிழ்ந்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். மடங்காத கால் நேராக நீண்டிருந்தது. வெகு நேரம் தன் கைகளை முகர்ந்துகொண்டிருந்தார்.

"அவர் எப்ப வருவார்னு கேக்குறாங்க."

"சாயந்திரம்," என்றாள். பிறகு தணிந்த குரலில், "வரணும்."

சிஸ்டர் சட்டென்று திரும்பினார். "எந்தப் பக்கம் போயிருக்காரு?"

"துறைமுகம்."

சிஸ்டர் கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். "நான் அத யோசிக்கவே இல்லையேம்மா."

*

கடைக்கார அம்மா காத்திருப்பதாகச் சொல்லிவிட்டார். கார் ஓட்டி வந்தவன் இருட்டுவதற்குள் கிளம்பவேண்டும் என்று முணுமுணுத்தான். அவனுக்கு டீ கொடுத்து உட்கார வைத்தார்கள். வாசல் கேட்டுக்கு உள்ளே மரப்பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள்: கடைக்கார அம்மா, சிஸ்டர், அவள். குண்டூசி சட்டையைக் கழற்றாமல் கேட்டில் சாய்ந்து நின்றாள். வீட்டுக்குப் போகவேண்டிய மற்ற பெண்கள் யாரும் போகவில்லை. கழுவின அச்சையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவிட்டு மகள் வந்தாள். கடைக்கார அம்மா அட்டையிலிருந்த கைக்குழந்தையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எழுந்து நின்று கைகொடுத்தார். மகள் அவர் மொழியிலேயே நலம் விசாரித்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று யோசித்துப் பேசினாள். பிறகு அம்மாவிடம் திரும்பினாள்.

"அப்பா எங்க?"

"வருவார்."

வழக்கமாக வரும் நேரம் கடந்தது. தெருவில் வேறு வண்டிகள் போயின. ஒவ்வொரு சத்தத்தையும் அவள் காது முதலிலேயே கேட்டு, இல்லை என்று தள்ளியது. இந்த வேனின் சத்தம் அவளுக்குத் தெரியும். மேடு ஏறும்போது இருமும்.

"இனிமே அட்டையில என்ன எழுதறது?" என்றார் சிஸ்டர். அவளைக் கேட்பதுபோல இல்லை, தெருவைக் கேட்பதுபோல இருந்தது.

"நல்லா நுரைக்கும்னு எழுதுங்க."

"அவ்வளவுதானா?"

"கையக் கடிக்காதுன்னு எழுதுங்க. அதுக்கு மேல என்ன எழுதுவீங்க, சோப்புதானே." கொஞ்சம் பொறுத்து, "படம் வேணும்னா புதுசா எடுங்க. நான் தலைவாரிட்டு வரேன்," என்றாள்.

"யாரும் வாங்கலைன்னா?"

அவளுக்கும் தெரியவில்லை. சிஸ்டர் கடைக்கார அம்மாவிடம் அதைச் சொன்னாரோ கேட்டாரோ, இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஆர்டர் என்று அவளுக்குப் புரிகிற அந்த ஒரு சொல் இரண்டு முறை வந்தது. கடைக்கார அம்மா தலையாட்டினார். ஆம் என்றும் இல்லை என்றும் இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளலாம். அவர் கண் தெருவில்தான் இருந்தது. அவரும் ஒவ்வொரு வண்டிக்கும் நிமிர்வதை அவள் கவனித்தாள். யாருக்காகவோ இப்படி உட்கார்ந்து பழகியவர் மாதிரி இருந்தது. அவரிடம் அதைக் கேட்க அவளுக்கு மொழியில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.

தெருவிளக்கு எரிந்தது. கார் ஓட்டி வந்தவன் இரண்டாவது முறை வந்து கடிகாரத்தைக் காட்டினான். அப்போது மேட்டில் ஏதோ இருமியது.

அவள் எழுந்து கேட்டுக்கு வெளியே, தெருவிளக்கடிக்கு வந்துவிட்டாள். வேன் திரும்பியது, ஒரு பக்கச் சைடு லைட் மினுக்கிக்கொண்டே கேட்டுக்கு வெளியில் நின்றது. அவன் இறங்கினான். கை, முட்டியெல்லாம் கறுப்பாக இருந்தது. கேட்டுக்குள் இருந்த கூட்டத்தை அவன் பார்க்கவில்லை. விளக்கின் கீழ் நின்ற அவளை மட்டும்தான் பார்த்தான். நேராக வந்தான். குனிந்து, அவள் முகத்துக்கு நேராக ஊதினான்.

டீ. வெறும் டீ. கொஞ்சம் டீசல்.

"நடுத்தெருவுல என்னங்க இது," என்றாள் குண்டூசி.

அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். அப்போதுதான் எல்லோரையும் பார்த்தான். தன் சட்டையைப் போட்டுக்கொண்டிருக்கும் குண்டூசியை, சிஸ்டரை, தொப்பி வைத்த உயரமான கிழவியை. முகம் மாறியது. ஒரு காலைப் பின்னால் வைத்தான்.

"டயர் பஞ்சர்," என்றான் சிஸ்டரிடம். "ரெண்டு தடவை. இல்லன்னா இன்னும் சீக்கிரமே... இல்ல, இவங்க போயிருப்பாங்கன்னு நெனச்சேன். நான் சுத்திட்டு வேணா வரேன்."

"வேணாம் தம்பி," என்றார் சிஸ்டர். அவனை அவர் டிரைவர் என்றுதான் கூப்பிடுவார். "உங்களத்தான் பாக்கணுமாம். இவ்வளவு நேரம் உட்காந்திருக்காங்க."

கடைக்கார அம்மா ஊன்றுகோல் இல்லாமலே வந்துகொண்டிருந்தார். அது பெஞ்சில் கிடந்தது. ஒரு கால் இழுபட, கேட்டைப் பிடித்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றார். இரண்டு கைகளையும் நீட்டினார். அவன் தன் கறுப்புக் கைகளைப் பார்த்து, போட்டிருந்த சட்டையில் துடைத்தான், கறுப்பு போகவில்லை, பின்னால் மறைத்துக்கொண்டான். நீட்டிய கைகளை அவர் இறக்கவில்லை. ஏதோ கேட்டார்.

"அப்பா, உங்க பேர் என்னன்னு கேக்குறாங்க," என்றாள் மகள், சிஸ்டருக்கு முந்தி.

அவன் சொன்னான்.

கடைக்கார அம்மா அதைத் திருப்பிச் சொன்னார். வேறு யாருடைய பெயரோபோல வந்தது. குண்டூசி வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் மெதுவாக, எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தாள். அவர் அவள் வாயைப் பார்த்து, புருவத்தைச் சுருக்கி, மறுபடி சொன்னார். அவன் சிரித்துவிட்டான். தலையை ஆட்டி, தானே ஒருமுறை நிறுத்திச் சொன்னான். அதற்குள் அவன் கை எப்போதோ முன்னால் வந்து அவர் கைகளுக்குள் இருந்தது. சோப்பு போட்டுக் கழுவின கைகள் கறுப்பாகிக்கொண்டிருந்தன.

மூன்றாவது முறை ஏறக்குறைய சரியாக வந்தது. அணைக்க மறந்த சைடு லைட் அவர்கள் மூவர்மேலும் மஞ்சளாக விழுந்து விழுந்து எழுந்தது.